சீட்டில் ஒரு வரி: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கும், இராமநாதபுரம் கடலோரத்து அரசு மருத்துவர்களுக்கும் வணக்கம்.

பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் தாய்மாரைப் பராமரித்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களான சிரைகளை, இடுப்பிலும் மூளையிலும் படம்பிடித்துக் காட்டும் 'எம்.ஆர். வெனோகிராம்' என்ற எம்.ஆர்.ஐ. படத்தைப் பற்றியே இம்மடல். பிள்ளை பெற்ற சில நாள்களில் ஒரு தாயின் இடது கால் மட்டும் தொடைவரை வீங்கிப் பளபளக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். 'பேறுகால நீர்தான், வடிந்துவிடும்' என்று வீட்டார் தேற்றுவார்கள். முதலில், ஒலியலைகளால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பதே முறை. ஆனால் இடுப்புக்குள் ஓடும் சிரைகளைக் குடல்வாயு மறைத்துவிடுவதால், அங்கே இரத்தம் உறைந்து உண்டான கட்டி அதில் தப்பிவிடக்கூடும். வலப்பக்கத் தமனி இடப்பக்கச் சிரையை முதுகெலும்போடு சேர்த்து நெரிப்பதை மே, தர்னர் என்ற இருவர் 1957லேயே விளக்கியிருக்கிறார்கள். அங்கே உறையும் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

மூளைச் சிரைகளில் இரத்தம் உறைந்தால் நிலை இன்னும் கவலைக்குரியது. பேறுகாலத்துக்குப் பின் தீராத தலைவலியும் வலிப்பும் கண்ட தாய்க்குச் சாதாரண சி.டி. ஸ்கேன் குறையேதும் காட்டாமல் போவதுண்டு. 'எம்.ஆர்.ஐ. மூளை' என்று மட்டும் சீட்டில் எழுதினால், சிரைகளுக்குரிய படங்கள் எடுக்கப்படாமலே போகலாம். இராமேசுவரத்திலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரை சேரும் குடும்பம், அந்த ஒரு வரி இல்லாததால் மறுபடியும் ஸ்கேனுக்குக் காத்திருக்க நேரும். 'எம்.ஆர். வெனோகிராம்' என்று தனியே எழுதுங்கள். ஓடும் இரத்தத்தை வெளிச்சமாகக் காட்டும் முறையில் சாய மருந்தே தேவையில்லை, கதிர்வீச்சும் கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இது பேருதவி. மெதுவாக ஓடும் இரத்தமும், பிறவியிலேயே ஒடுங்கிய சிரையும் அடைப்பைப்போலத் தோன்றக்கூடும் என்பதால், தேர்ந்த கதிரியக்க மருத்துவர் மற்ற படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

காலில் புடைத்த எல்லா நரம்புச்சுருளுக்கும் எம்.ஆர்.ஐ. கேட்கவில்லை, அதற்கு டாப்ளரே போதும். நான் கேட்பது, டாப்ளரில் விடை கிடைக்காத தொடைவீக்கத்துக்கும், பேறுகாலத் தலைவலியோடு வந்த வலிப்புக்கும் இப்படத்தைத் தாமதமின்றிக் கோரும் எழுத்துபூர்வ நடைமுறை. இரவிலும் விடுமுறையிலும் படத்தைப் பார்த்துச் சொல்லும் மருத்துவரின் தொலைபேசி எண்ணைக் கடலோரத்தின் ஒவ்வொரு பிரசவ வார்டிலும் ஒட்டிவைக்க ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், பாம்பன்