சுரக்ஷா காப்புறுதி: அஸ்வெசும இல்லாதவர்களுக்கும்தான்

அன்பின் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

மாரி தொடங்கினால் டெங்குக் காய்ச்சலும் கூடவே வந்துவிடுகிறது. வார்ட்டில் இருந்துவிட்டு வகுப்புக்குத் திரும்புகிற பிள்ளைகளின் தாய்மாரிடம் "சுரக்ஷாவுக்குப் போட்டீங்களா?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "எங்களுக்கு அஸ்வெசும இல்லையே சேர்."

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு கொடுக்கிற அஸ்வெசும உதவிப் பணத்துக்கும் சுரக்ஷாவுக்கும் சம்பந்தம் இல்லை. 2017 இல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2024 இல் திரும்பவும் வந்த இந்த மாணவர் காப்புறுதிக்கு நீங்கள் எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை, ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. எங்களைப் போன்ற அரச பாடசாலையில் தரம் 1 முதல் 13 வரை படிக்கிற, 5 முதல் 21 வயதுக்குள் உள்ள பிள்ளை என்றால் போதும், தகப்பன் வங்கியில் வேலை செய்தாலும் சரி, கடலுக்குப் போனாலும் சரி. முன்பள்ளியில் இருக்கிற தம்பி, தங்கைக்கு மட்டும் வராது.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், இதற்குள் சுகாதாரம், விபத்து, ஆயுள் என்று மூன்று பகுதி இருக்கிறது. தாயோ தகப்பனோ இறந்தால் பிள்ளைக்குக் கிடைக்கிற ஆயுட் காப்புறுதிக்கு மட்டும்தான் வருமானம் பார்ப்பார்கள், அதாவது வருட வருமானம் 180,000 ரூபாவுக்குக் குறைந்த குடும்பம், அல்லது அஸ்வெசும எடுக்கிற குடும்பம். அந்த நிபந்தனையை யாரோ முழுத் திட்டத்துக்கும் சேர்த்துச் சொல்ல, ஊரெல்லாம் பரவிவிட்டது. போன தவணைக் கூட்டத்திலும் இதைச் சொன்னேன், வந்திருந்தவர்கள்தான் குறைவு.

இன்னொன்று, "பெரியாஸ்பத்திரியில் காசே கட்டவில்லை, பிறகு எதைக் கேட்கிறது?" என்பது. அரச ஆஸ்பத்திரியில் இரவு தங்கிச் சிகிச்சை எடுத்தாலும் நாள் கணக்கில் ஒரு தொகை உண்டு. ஓட்டோக் காசு, கூட நின்றவரின் சாப்பாடு, விட்டுப்போன கூலி எல்லாம் உங்கள் கையால் போனதுதானே, கூச்சப்படாமல் கேளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் தங்கினால் வருடத்துக்கு 300,000 ரூபா வரை கேட்கலாம், பில்லின் மூலப் பிரதி கட்டாயம் வேண்டும்.

சரி, எங்கே மாட்டுப்படுகிறது என்றால் பெயரில். பிறப்புச் சான்றிதழில் தர்ஷிகா, வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரி தருகிற டயக்னோசிஸ் கார்ட்டில் (நோய் விபர அட்டையில்) தர்சிகா, தகப்பனின் முதலெழுத்தே இல்லை. அவசரத்தில் எழுதியிருப்பார்கள், ஆனால் படிவம் திரும்பி வந்தால் அலைவது நீங்கள்தான். ஆகவே வார்ட்டை விட்டு வெளிக்கிட முன்னமே கார்ட்டை வாங்கிப் பெயரையும், அனுமதித்த திகதியையும், வீட்டுக்கு விட்ட திகதியையும் பாருங்கள், பிழை என்றால் அங்கேயே திருத்துவியுங்கள். அதை நாலாய் மடித்துப் பிள்ளையின் புத்தகப் பையில் வைத்து அனுப்பவும் வேண்டாம், மழையில் ஊறிய கார்ட்டை யாராலும் வாசிக்க முடியாது.

படிவம் பாடசாலை அலுவலகத்தில் இருக்கிறது. கார்ட், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றின் பிரதிகளோடு வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், என் கையொப்பத்தை அவரே வாங்கித் தருவார். மாதக்கணக்கில் வைத்திருக்காமல் பிள்ளை வீட்டுக்கு வந்த கிழமையே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்