டீச்சர்ஸ், டாக்டர் குடுத்த அந்த ஃபார்மை கொஞ்சம் நிதானமா நிரப்புங்க

வணக்கம் மிஸ், வணக்கம் சார். பிரைமரி, மிடில் ஸ்கூல்ல பாடம் எடுக்கற எல்லாருக்கும் சேத்துத்தான் இது.

ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவோ அளவு மீறின துறுதுறுப்போ ரெண்டுமோ இருக்கற மூளை வளர்ச்சிப் பிரச்சனை, இருக்குமோன்னு புள்ளைய கூட்டிட்டுப் போனா டாக்டர் பெரும்பாலும் ரெண்டு ஃபார்ம் குடுப்பார், ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு கிளாஸ் டீச்சருக்கு. எங்க பொண்ணோட டீச்சர் ஃபார்ம் எல்லாக் கட்டத்துலயும் 'ஒருபோதும் இல்லை'ன்னு டிக் ஆகி, கீழ 'குட் கேர்ள், பட் கேர்லெஸ்'னு எழுதி திரும்பி வந்துச்சு. மிஸ், அந்த கேர்லெஸ்ஸ பத்திதான் ஃபார்ம்ல பாதி கேள்வியே!

இதுக்கு ரத்த டெஸ்ட்டும் கிடையாது ஸ்கேனும் கிடையாது. கவனக்குறைவுல 9 அறிகுறி, துறுதுறுப்பு அவசரத்துல 9, ஏதாவது ஒரு பக்கம் 6 இருக்கணும், ஆறு மாசமாவது நீடிக்கணும், 12 வயசுக்குள்ள ஆரம்பிச்சிருக்கணும், முக்கியமா வீடு ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும். ஸ்கூல்ல ஒண்ணுமே இல்லன்னு நீங்க எழுதிட்டா கதை அங்கயே நின்னுடும்.

ஓடுற குதிக்கிற பையன எல்லாருக்கும் தெரியும், அவன பத்தி சொல்ல ஆளே வேண்டாம். போர்ட பாத்து எழுதறப்ப பாதி வரிய விடறது, கழித்தல் கணக்க கூட்டி வைக்கறது, வாரம் ஒரு பென்சில் பாக்ஸ தொலைக்கறது, ஹோம்வொர்க்க முடிச்சும் பையிலயே வச்சிருந்து திட்டு வாங்கறது, இப்படி சத்தமில்லாம உக்காந்திருக்கற புள்ளைங்கதான் தப்பிப் போறாங்க, அதுலயும் பொண்ணுங்க ஜாஸ்தி. டிராயிங்னா மட்டும் ரெண்டு மணி நேரம் அசையாம உக்காராளேன்னு கேப்பீங்க. கவனமே இல்லாத பிரச்சனை இல்ல இது, வேணுங்கற இடத்துக்கு அதை திருப்பறதுதான் வரல.

செல்லம் குடுத்து கெடுத்துட்டீங்க, அம்மா வேலைக்குப் போறாங்க, சாக்லேட், இதெல்லாம் காரணமே இல்ல. இரட்டைக் குழந்தைங்கள வச்சு பண்ண ஆராய்ச்சிகள்ல பரம்பரையோட பங்கு 70-80 சதவீதம்னு வருது. அவங்க அப்பாவும் சின்ன வயசுல இப்படித்தான்னு பாட்டி சொன்னா சாக்குன்னு நினைக்காதீங்க, டாக்டருக்கு அது துப்பு. குறைமாசத்துல பொறக்கறது, எடை கம்மி, ஈயம் உடம்புல சேர்றது, இதுவும் ரிஸ்க்க கூட்டும். மூளையில டோபமின் மாதிரி ரசாயனங்கள் வேலை செய்யற விதத்துலயும் வித்தியாசம் இருக்கு. 2007ல அமெரிக்காவுல வந்த ஒரு ஸ்கேன் ஆய்வுல, மத்த புள்ளைங்களுக்கு ஏழரை வயசு வாக்குல வர்ற மூளை வளர்ச்சி இவங்களுக்கு பத்தரை வாக்குல வந்திருந்துச்சு. தாமதம், அவ்ளோதான்.

அதுக்காக பேரண்ட்ஸ் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் "உங்க பையனுக்கு ஏடிஹெச்டி"ன்னு நீங்களே முடிவு சொல்லிடவும் கூடாது. தூக்கம் பத்தாத புள்ள, காது சரியா கேக்காத புள்ள, பயந்து போன புள்ள, எல்லாமே வெளிய பாக்க அப்படித்தான் இருக்கும். நீங்க பாத்தத பாத்தபடி எழுதிக் குடுங்க, மிச்சத்த டாக்டர் பாத்துப்பார்.

அம்பது புள்ளைங்கள மேய்க்கற கஷ்டம் புரியுது. ஆனா சர்டிஃபிகேட் கொண்டு வாங்க அப்புறம் பாக்கலாம்னு நிக்க வைக்காதீங்க, 2016 மாற்றுத்திறனாளி சட்டத்தோட 21 வகை லிஸ்ட்ல கற்றல் குறைபாடு இருக்கு, ஏடிஹெச்டி தனியா இல்ல, நாங்க எங்க போய் வாங்கறது? முன் பெஞ்சுல உக்கார வைக்கவும், சாயங்காலம் டைரியில ஹோம்வொர்க் எழுதிட்டாளான்னு ஒரு தடவ எட்டிப் பாக்கவும் சர்டிஃபிகேட் எதுக்கு மிஸ்?