டேப் வைத்து எத்தனை வாரம் ஆச்சு, கண்ணு?

கண்ணு,

நேற்று வீடியோ காலில் நீ தலையைத் திருப்பினபோது காதுக்கு மேலே, ஒட்டு முடியை உன் முடியோடு ஒட்டியிருக்கும் டேப் தெரிந்தது. வேரை ஒட்டி இருக்க வேண்டியது ஒரு விரற்கடை கீழே இறங்கி நிற்கிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வளரும், அப்படியென்றால் நீ வைத்து 2 மாதம் ஆகிவிட்டது. தோழி கல்யாணத்துக்கு வைத்ததைக் கழற்ற மனசு வரவில்லை, புரிகிறது, நீள முடி உனக்கு அவ்வளவு அழகாக இருக்கிறது. தாராளமாக வைத்துக்கொள், ஆனால் கழற்ற வேண்டிய நாளில் கழற்றிவிடு.

டேப்புக்கு 6 முதல் 8 வாரம்தான் கணக்கு. காசு போச்சே என்று நினைக்காதே, நல்ல முடியாக இருந்தால் சுத்தம் செய்து புது டேப் ஒட்டி இன்னும் 2, 3 தடவை வைக்கலாம். நம் தலையில் தினமும் 50 முதல் 100 முடி உதிரும், சீப்போடு வந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. டேப்புக்குள் மாட்டினது எங்கே போகும்? அங்கேயே கிடந்து பக்கத்து முடியோடு சிக்கிக்கொள்ளும்.

போன வருஷம் நம் பார்லருக்கு ஒரு பெண் வந்தாள், வேறெங்கோ வைத்துக்கொண்டு 5 மாதம் அப்படியே விட்டிருக்கிறாள். கழற்ற எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. பிடரியில் சடை பிடித்துக் கம்பளி மாதிரி கிடந்தது, நெற்றியோரம் இரண்டு பக்கமும் ரூபாய்க் காசு அளவுக்கு வழுக்கை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பாரம் இழுத்து இழுத்து வருவது அது. சீக்கிரம் கழற்றிவிட்டால் திரும்ப முளைக்கும், வருஷக்கணக்கில் இழுபட்டால் அந்த இடம் அப்படியே நின்றுவிடும். அன்றிலிருந்து உன் நெற்றியோரத்தைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.

பாட்டி சவுரி வைத்துப் பின்னினது உனக்கு நினைவிருக்குமே. ராத்திரி படுக்கும் முன் அவிழ்த்து ஆணியில் மாட்டிவிடுவாள், தலைக்கு ஓய்வு கிடைத்துவிடும். சீப்பில் வந்த முடியைச் சேர்த்துக் கட்டின சவுரி என்பதால் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கமாகக் கலந்து கிடக்கும், எவ்வளவு வாரினாலும் சிக்கும். பழனியிலும் திருப்பதியிலும் மொட்டை போடும் முடிக்கு விலை அதிகம் என்றால் காரணம் இதுதான், கட்டாக இறங்குவதால் எல்லா வேரும் ஒரே பக்கம் இருக்கும். ரெமி என்று விற்பது இந்த மாதிரி முடியைத்தான். ஆனால் மலிவாக வரும் சிலதில் கலந்த முடிக்கே சிலிக்கோன் பூசி மினுக்கிவிடுகிறார்கள், நாலு தடவை குளித்தால் பூச்சு போய்ச் சிக்கு ஆரம்பித்துவிடும்.

கழற்றும் வரைக்கும், வேரில் எண்ணெய் படவே கூடாது, பட்டால் டேப் வழுக்கிவிடும். ஒட்டு முடிக்கு நம் தலையின் எண்ணெய்ப்பசை போய்ச் சேராது, காய்ந்து போகும், அதனால் நுனிக்கு மட்டும் 2 சொட்டு தேய்த்துக்கொள். ஈரத்தலையோடு தூங்காதே, தளரப் பின்னிக்கொண்டு படு. நுனியிலிருந்து மேலே வாரு, டேப் பக்கம் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு.

நீயாகப் பிய்க்காதே, உன் முடியும் சேர்ந்து வந்துவிடும். வைத்த இடத்திலேயே போய்க் கழற்று. இந்த வாரம் முடியாது என்றால் சனிக்கிழமை பஸ் ஏறி இங்கே வந்துவிடு, ரிமூவர் வாங்கி வைத்திருக்கிறேன், நானே பொறுமையாக எடுத்துவிடுகிறேன். அப்புறம் நல்லெண்ணெய் காய்ச்சி வைக்கிறேன், தலைக்குத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போ.

அம்மா