சைக்கிள் ஓட்டம் இலவசம்தான், விளக்குக்குத்தான் காசு வேண்டும்

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு ஜார்ஜ் டவுன் தெருக்களில் ஒரு முப்பது பேர், யாரும் யாரையும் முந்தாமல், பேசிக்கொண்டே சைக்கிளில் போவதைப் பார்த்திருந்தால் அது நாங்கள்தான். பந்தயம் கிடையாது, சீருடை கிடையாது, கட்டணமும் கிடையாது. இனிமேலும் கட்டணம் வராது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் காசு கேட்கப் போகிறோம்.

இதுவரை வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதத்தில் இரண்டு ஞாயிறு, பாடாங் கோத்தா லாமாவில் கோட்டைக்குப் பக்கத்தில் கூடுவோம். பினாங்குப் பாலத்தில் சைக்கிளை விடமாட்டார்கள் என்பதால் அக்கரை பட்டர்வொர்த் ஆட்கள் ஃபெரியில் வந்து சேரும்வரை காத்திருப்போம். அப்புறம் 1833-லிருந்து லெபோ குவீன் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு நிமிடம், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைத் தாண்டி லெபோ ஆர்மேனியன். அங்கே 2012-ல் சுவரில் வரைந்த இரண்டு பிள்ளைகள் ஒரு நிஜ சைக்கிளில் உட்கார்ந்திருப்பார்கள் தெரியுமா, புதிதாக வருகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் தங்கள் சைக்கிளை நிறுத்திப் படம் எடுக்காமல் நகரமாட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தை இப்போது எங்கள் நேரக் கணக்கிலேயே சேர்த்துவிட்டோம். பிறகு ஜெட்டிப் பக்கம், பெர்சியாரான் கர்ப்பால் சிங் கடலோரம், பாலம் நன்றாகத் தெரியும்வரை போய்த் திரும்பிப் பசியாறல். சில வாரம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கும் போவோம், அடிவாரம் வரைக்கும்தான். 513 படியும் ஏற நினைப்பவர்கள் ஏறலாம், சைக்கிளுக்கு ஒருவர் காவல் இருப்பார்.

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், முச்சந்திகளில் இருவர் என்று வண்டியை நடத்துகிறவர்கள் எல்லாருமே தொண்டர்கள். யாருக்கும் ஒரு காசு கூலி இல்லை. அப்படியானால் எதற்குப் பணம் என்று நியாயமாகவே கேட்பீர்கள்.

முதல் செலவு விளக்கு. 1982 ஜனவரி 1-ல் நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்ததிலிருந்து பினாங்கில் விடிவது தாமதம்தான், ஜனவரியில் ஏழரை ஆகிறது சூரியன் தலைகாட்ட. நாங்கள் கிளம்புவது ஏழேகாலுக்கு. போன ஜனவரியில் ஒரு சந்திலிருந்து வெளியே வந்த கார், எங்கள் கடைசி ஆளுக்கு ஒரு முழ தூரத்தில் பிரேக் போட்டு நின்றது. ஓட்டியவர் இறங்கி, "தெரியவே இல்லைங்க" என்றார். திட்ட வாய் திறந்தோம், ஆனால் அவர் சொன்னது உண்மை. எங்கள் சைக்கிளில் பின்விளக்கு இல்லை. அன்றிலிருந்து விளக்கு இல்லாதவரை வரிசையின் நடுவில் விட்டு ஓட்டுகிறோம், அது எத்தனை நாளைக்கு? முன்னும் பின்னுமாக ஒரு செட் 30 வெள்ளி (ரிங்கிட்), 20 செட் வேண்டும். தலைக்கவசம் பத்து, அதற்கும் 600 வெள்ளி ஆகிறது.

அடுத்தது இரவல் சைக்கிள்கள். சொந்தமாகச் சைக்கிள் இல்லாதவர்களுக்கு எட்டு வைத்திருக்கிறோம். தோட்டத்தில் பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு நாற்பது வருஷம் கழித்து ஏறிய ஓர் அக்கா முதல் ஐம்பதடிக்கு "விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க" என்று கத்தினாரே, அவர் ஏறியதும் இதில் ஒன்றில்தான் (நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம்). அதே சைக்கிளின் பின் டியூபில் இப்போது ஏழு ஒட்டு. காரணம் லோரி டயரிலிருந்து உதிரும் கம்பி, தலைமுடி மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது. டயரின் உள்பக்கம் பஞ்சை வைத்துத் தடவிக்கொண்டே போனால் கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் மறு தெருவிலேயே மறுபடி காற்று போகும். ஒட்டுகிற வேலைக்கு ஆள் இருக்கிறது, ஆனால் புது டியூப், பிரேக் கட்டை, துருப்பிடித்த நான்கு செயின், இவற்றுக்கு 800 வெள்ளி வேண்டும்.

பெரிய செலவு இடம். இத்தனை நாள் சும்மா கொடுத்திருந்த கடையின் பின்கட்டை உரிமையாளர் புதுப்பிக்கப் போகிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடல் காற்றில் வெளியே போட்டுவைத்தால் சைக்கிள் ஆறு மாதம் தாங்காது. மாதம் 180 வெள்ளிக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது, வருஷத்துக்கு 2,160. எல்லாம் கூட்டினால் 4,160 வெள்ளி.

ஆளுக்கு ஐந்து வெள்ளி வாங்கிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். ஒரு முறை வாங்கியும் பார்த்தோம். குடும்பத்தோடு ஐந்து பேராக வருகிறவர்கள்தான் முதலில் நின்றுபோனார்கள், அவர்களுக்காகத்தான் இதை ஆரம்பித்ததே. டி-சர்ட் அடித்து விற்கலாம் என்றும் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது சொல்கிறார்கள். வேண்டாம், எல்லார் வீட்டிலும் அலமாரி நிறைய டி-சர்ட் இருக்கிறது.

தெருவில் உண்டியல் குலுக்க உரிமம் வேண்டும், எங்களிடம் இல்லை. ஆகவே எங்களைத் தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்கிறோம். பத்து வெள்ளியும் போதும். பொருளாளரிடம் கேட்டால் கைப்பேசியில் பணம் செலுத்த டூயிட்நவ் கியூஆர் அனுப்புவார், கையிலும் கொடுக்கலாம். எங்கள் ரசீதைக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வரவு செலவுக் கணக்கை ஒவ்வொரு மாதமும் பசியாறும் மேசையில் வைப்போம், யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

காசு இப்போது முடியாதா, பரவாயில்லை. மாடிப்படிக்குக் கீழே துணி காயப்போட்டிருக்கும் சைக்கிள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். துணியை மட்டும் நீங்கள் எடுத்துவிடுங்கள்.