மாட்டுத்தாவணி ஆட்டோ அண்ணனுக்கு நன்றி

கொச்சியில் கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு ஃபோர்ட் கொச்சியில் ஓர் ஓட்டு வீட்டில் தங்கினோம். சீன வலைகள் பக்கத்திலேயே. அம்மாவுக்குக் கப்பலைவிட அந்த வீடுதான் பிடித்தது. திரும்பும்போது மதுரையிலும் அப்படியொரு இடம் வேண்டும் என்றார். நாங்கள் பதிவு செய்திருந்த விடுதியிலோ மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. சித்திரைத் திருவிழா சமயம் வேறு. அழகர் ஆற்றில் இறங்கும்போது வேறு அறைக்கு எங்கே போவது?

அண்ணே, இறக்கிவிட்டதும் நீங்கள் கிளம்பியிருக்கலாம். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "ஏறுங்கம்மா, பார்ப்போம்" என்றீர்கள். மாசி வீதிகளில் பாதி அடைப்பு. சந்து சந்தாகப் புகுந்து, திண்ணையும் முற்றமும் உள்ள ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினீர்கள். எங்களை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், எத்தனை படி, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, சுடுதண்ணீர் வருமா என்று பார்த்துவிட்டு வந்தீர்கள். எனக்கே அதெல்லாம் தோன்றவில்லை! காத்திருந்ததற்குக் காசு கொடுத்தால் வாங்கவும் இல்லை.

பெயரைக்கூடக் கேட்காமல் விட்டோம். தை மாதம் சித்தி குடும்பம் மதுரை வருகிறது. இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள் அண்ணே, அவர்களையும் நீங்கள்தான் அழைத்துப் போக வேண்டும்.