ஓசையற்ற ஷட்டர், கோடு விழுந்த கச்சேரிப் படங்கள்: கேமரா நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
கச்சேரிப் புகைப்படக் கலைஞர்,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஓசையற்ற ஷட்டரில் எடுத்த மேடைப் படங்களில் கோடு விழுவது – பணத்தைத் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்னை சபாக்களில் கர்நாடக இசைக் கச்சேரிகளைப் படம் எடுப்பது என் தொழில். மார்கழி சீசனை மனதில் வைத்துத்தான் தங்கள் நிறுவனத்தின் மிரர்லெஸ் கேமராவை வாங்கினேன். அந்த விலை கொடுத்ததற்கு ஒரே காரணம், திரை எதுவும் அசையாமல் சத்தமின்றிப் படம் எடுக்கும் அதன் ஓசையற்ற ஷட்டர். தங்கள் விளம்பரக் கையேட்டில் ‘இசை நிகழ்ச்சிகளுக்கு உகந்தது’ என்று அச்சிட்டு, மேடையில் பாடும் ஒருவரின் படத்தையும் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். கடைக்காரரும் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டித்தான் விற்றார். ஆனால் அந்த ஷட்டரில் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் கோடு விழுந்து வீணாகிவிட்டன.

சபாவில் ஃப்ளாஷ் போடக் கூடாது. அது நியாயம். கண்ணை மூடி ராகத்துக்குள் இருப்பவர் முகத்தில் வெளிச்சம் பாய்ச்ச யாருக்கும் உரிமை இல்லை. ஆலாபனையில் தம்புராவின் சுருதி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்போது மெக்கானிக்கல் ஷட்டரின் ‘டக்’ முன்வரிசை முழுக்கக் கேட்கும். ரசிகர்கள் திரும்பி முறைப்பார்கள். மறுநாள் சபா செயலாளர் கேமராவோடு உள்ளே விடமாட்டார். அரை இருட்டு, நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப்/2.8 லென்ஸ், மங்கலிலும் படம் எடுக்க உதவும் ஐஎஸ்ஓ 6400 என்ற உயர்ந்த ஒளியுணர்திறன், சத்தம் வராத ஷட்டர், இவ்வளவுக்குள்தான் எங்கள் வேலை. இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் தாங்கள் விற்றீர்கள்.

இணைத்திருக்கும் முதல் படத்தைத் தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள். தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போன நேரம். மிருதங்கத்தின் கரணைக்கு (நடுவில் உள்ள கரும்பொட்டுக்கு) மேல் வலது கை எழும்பி நிற்கிறது, விரல்கள் கூர்மையாக வந்திருக்கின்றன. ஆனால் வித்வானின் நெற்றியில் ஒரு கரும்பட்டை, தோளில் ஒன்று, வெள்ளை வேட்டியில் இன்னொன்று. பட்டைக்குள் நிறமும் மாறி, தோல் பழுப்பும் பச்சையும் கலந்து கிடக்கிறது. அடுத்தடுத்த படங்களில் பட்டைகள் இடம் மாறி விழுவதால் ஒரு படத்துக்குச் செய்த திருத்தம் மறு படத்துக்கு உதவாது. கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்தவற்றில் கோடுகளும் செங்குத்தாகவே வந்திருக்கின்றன. கோடு மேடையிலிருந்து வரவில்லை, கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரை வாசிக்கும் முறையில்தான் வருகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

காரணம் தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். பழைய ஹாலஜன் விளக்கில் இழையின் சூடு தணிவதற்குள் அடுத்த அலை வந்துவிடும், அதனால் படத்தில் பெரிதாகத் தெரியாது. இன்றைய மேடைகளில் உள்ள எல்இடி அப்படியில்லை. அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற சுற்று மலிவாக இருந்தால் மின்னோட்டத்தோடு வெளிச்சமும் ஏறி இறங்கும். ஓசையற்ற ஷட்டரில் இந்தக் கேமரா சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசித்து முடிக்கச் சுமார் 1/30 நொடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் விளக்கு மூன்று முறை மங்கிவிடுகிறது; படத்தில் மூன்று பட்டை. டிம்மர் போட்டுக் குறைத்த விளக்கென்றால் பட்டைகள் இன்னும் மெலிதாக, இன்னும் நெருக்கமாக விழுகின்றன. மெனுவில், விளக்கின் துடிப்பைப் பார்த்துப் படம் எடுக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதி இருக்கிறது, உண்மை. ஆனால் ஓசையற்ற ஷட்டருக்கு மாற்றியவுடன் அது வேலை செய்யாது. இதைப் பயனர் கையேட்டில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள். விளம்பரத்தில் ஒரு வரி இல்லை.

சென்னையில் உள்ள தங்கள் சேவை மையத்தில் கேமராவைக் கொடுத்தேன். ‘குறை எதுவும் இல்லை’ என்று ஜாப் ஷீட்டில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். “வெளிச்சத்தோட பிரச்சினை மேடம், 1/100-ல வெச்சு எடுங்க” என்றார் அங்கிருந்தவர். ஷட்டர் வேகம் 1/100 நொடி என்றால் விளக்கின் ஒரு முழுத் துடிப்பு ஒவ்வொரு வரியிலும் பதிவதால் பட்டை மறையும், ஒப்புக்கொள்கிறேன். பாடகர் அசையாமல் கார்வை பிடித்து நிற்கும்போது அது போதும். ஃபரன் என்னும் அதிவேகச் சொற்கட்டுகளை வாசிக்கும் மிருதங்கக்காரரின் விரல்களுக்கும், வேகமாக ஓடும் வயலின் வில்லுக்கும் குறைந்தது 1/250 வேண்டும். 1/100-ல் கையிருக்கும் இடத்தில் வெறும் மங்கல்தான் கிடைக்கும். எல்இடி விளக்கு இல்லாத மேடை இன்று அரிது. அந்த விளக்கில் சரியாக எடுக்காத ஷட்டரை எந்த இசை நிகழ்ச்சிக்கு உகந்தது என்று சொன்னீர்கள்?

எனக்குப் போன பணத்தைவிட மனம் ஆறாதது இன்னொன்று. சீசனில் மதிய நேரக் கச்சேரிகளில் இளம் பிள்ளைகள் பாடுவார்கள். அவர்களில் ஒருத்திக்கு அந்த சபாவில் அதுதான் முதல் மேடை. அடுத்த வருடம் வாய்ப்புக் கேட்டு அனுப்பவும் அழைப்பிதழில் போடவும் அந்தப் படங்களைத்தான் அவள் குடும்பம் நம்பியிருந்தது. அவள் முகம் மலர்ந்த ஒவ்வொரு படத்திலும் கன்னத்தில் கோடு. அந்தக் கச்சேரியை மீண்டும் நடத்தச் சொல்லி யாரைக் கேட்பது?

ஆகவே கேமராவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டுகிறேன். முடியாதென்றால், சென்சாரை வேகமாக வாசிக்கும் தங்கள் உயர்நிலை மாடலை விலை வித்தியாசம் கேட்காமல் மாற்றித் தாருங்கள். வாங்கிய மற்றவர்களுக்காகவும் கேட்கிறேன்: ஷட்டர் வேகத்தை மிக நுண்ணிய படிகளில் மாற்றி, விளக்கின் துடிப்போடு பொருத்தும் வசதி வேறு கேமராக்களில் இருக்கிறது. கேமராவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட்டில் அதைத் தர முடியுமா என்று எழுத்தில் பதில் வேண்டும். எல்இடி விளக்கில் கோடு விழலாம் என்பதை விளம்பரத்திலும் கண்ணில் படும் எழுத்தில் போடுங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவுசெய்வேன். அதன் பிறகு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன்.

பில், ஜாப் ஷீட், விளம்பரக் கையேட்டின் அந்தப் பக்கம் ஆகியவற்றின் நகல்களையும், திருத்தாத மூலப் படங்கள் அடங்கிய பென் டிரைவையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்