தக்கலையிலிருந்து தினமும் பஸ் ஏறும் என் உடன்பிறந்தான் மகளுக்கு

அன்புள்ள மக்ளே,

மனம் அமைதியாக ஒரு தியான முகாமுக்குப் போகலாமா என்று நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் போக வேண்டாம். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடும் பெண்கள் பலரும் இதையே கேட்கிறார்கள். அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

முகாமை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ திரும்பி வருவது நாகர்கோவிலில் அதே வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு, அதே கடன் பிரிவுக்கு. ராத்திரி ஒன்பது மணிக்கும் ‘டார்கெட் என்னாச்சு’ என்று கூப்பிடும் அதே மேலாளர் அங்கே இருப்பார். போதாததற்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளையையும் முட்டுவலிக்கார மாமியாரையும் யார் பார்த்துக்கொள்கிறார்களோ என்ற கவலையோடு கண்ணை மூடினால் மனம் எங்கே நிற்கும்?

நம் குமரி மாவட்டத்தில் தனித்திருந்து தவம் செய்தவர்கள் உண்டு. மருந்துவாழ்மலைக் குகையில் நாராயண குரு இருந்தார். 1892 டிசம்பரில் விவேகானந்தர் குமரிமுனைப் பாறையில் மூன்று நாள் தியானத்தில் அமர்ந்தார். அவர்கள் வீட்டை விட்டு வந்தவர்கள். வீட்டில் இருப்பவளுக்கு வழி கேட்க வேண்டுமானால் பக்கத்துப் பாறையில் நிற்பவரிடம்தான் போக வேண்டும். 133 அடியில் நிற்கும் வள்ளுவருக்குப் பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. அவற்றில் 13-ஆவது அடக்கமுடைமை. அதில் வருகிறது:

ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல் ஆற்றின்
எழுமையும் ஏமாப் புடைத்து.

ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குவதைப் போல ஒரு பிறவியில் ஐந்து புலன்களையும் அடக்கினால் ஏழு பிறவிக்கும் காவல் என்கிறார். இந்தக் குறள் இருப்பது இல்லறவியலில். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. துறவிகளுக்கென்று தனியாக ஒரு பகுதியே வைத்திருப்பவர், ஐம்புலன்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் வித்தையைக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். இன்னொன்று தெரியுமா? கடலாமைக்குத் தலையையும் துடுப்புக் கால்களையும் ஓட்டுக்குள் இழுக்க வராது. அதைச் செய்வது நம் குளத்து ஆமை. கரையேறி வருவதைத் தொட்டால் இருந்த இடத்திலேயே ஒடுங்கும். கொஞ்ச நேரம் யாரும் சீண்டாவிட்டால் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு அது பாட்டுக்குத் தன் வழியில் நகரும். உனக்கு வேண்டியது அந்தக் கொஞ்ச நேரம்தான், பத்து நாள் அல்ல.

சரி, எப்போது ஒடுங்குவது? நேரம் கிடைக்கும்போது என்று விட்டால் ஒருநாளும் கிடைக்காது. நம் ஊர்களைப் பார். அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல் தாங்கல்களில் நண்பகலில் உச்சிப்படிப்பு என்று ஓதுவார்கள். கடலோரத்து மாதா கோயில்களில் காலை, நண்பகல், மாலை என்று மூவேளை செபத்துக்கு மணி. சூஃபிப் பாடல்கள் பாடிய பீர்முகம்மது அப்பா அடங்கியிருக்கும் உன் தக்கலையில் ஐந்து வேளையும் பாங்கு. எல்லாமே வேலைக்கு நடுவில் வந்து நிற்கச் சொல்கின்றன. நேரம் முன்பே குறித்திருப்பதால், இன்றைக்கு மனம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை. அய்யா வைகுண்டரின் சாமித்தோப்புப் பதியில் சாமி இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பாய். கும்பிட நிற்கிறவருக்குத் தன் முகம்தான் தெரியும். நாள் நடுவே ஒருமுறையாவது நம் முகம் எப்படி இருக்கிறது என்று நாமே பார்த்துக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம்!

நீயும் மூன்று நேரம் குறித்துக்கொள். காலையில் பஸ் பார்வதிபுரம் வந்ததும் ஒன்று, உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டிருந்தாலும். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் முன் ஒன்று. சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஒன்று. போனைப் பையில் போட்டுவிட்டு மூச்சை மட்டும் கவனி.

திருமூலர் மூச்சை 16 மாத்திரை நேரம் இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடச் சொல்கிறார்; மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம். அது குருவிடம் உட்கார்ந்து பழக வேண்டியது. மூச்சை நிறுத்தும் வேலையை நீயாகச் செய்யாதே, அதிலும் உனக்குப் பிரஷர் வேறு இருக்கிறது. அந்தக் கணக்கிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்: விடும் மூச்சு இழுப்பதைப் போல இரண்டு மடங்கு. நாலு எண்ணி இழு, எட்டு எண்ணி விடு. பத்துத் தடவைக்கு இரண்டு நிமிஷம்தான். மூச்சு மெல்ல வெளியேறும்போது இதயத் துடிப்பும் இறங்கும் என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது. நடுவில் மனம் கடன் ஃபைலுக்கு ஓடும். திட்டாதே, பைய எண்ணிக்கைக்குக் கூட்டி வா.

இதை வைத்து எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போ என்று அத்தை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அந்த ஒன்பது மணிப் போனைப் பற்றி மேலாளரிடம் நீ பேசத்தான் வேண்டும். கோபத்தில் ராத்திரியே பேசாமல், மறுநாள் காலை பார்வதிபுரத்து மூச்சுக்குப் பிறகு பேசு. ‘எட்டு மணிக்கு மேல் மெசேஜ் போடுங்கள், காலையில் முதல் வேலையாகப் பார்க்கிறேன்’ என்றால் போதும். கூட வேலை செய்யும் பெண்களும் சேர்ந்து சொன்னால் இன்னும் நல்லது.

அப்புறம், மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை உன் வீட்டுக்காரரிடம் கொடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வாரத்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உன் அத்தை